மூளிப் பன்றியின் முதல் பால்

அந்த வருஷம் முழுக்க நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு, அடுப்புக்கும் பன்றிப் பட்டிக்கும் நடுவில் நின்றபடியே களியைப் பிட்டு விழுங்குவேன். வாய் விழுங்கும், கண் எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நம்பிக்கை வராது. இன்னொரு தரம் எண்ணுவேன்.

சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால், வீட்டுக் கூரை பற்றிக்கொண்டதோ, தம்பி கிணற்றில் விழுந்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வாத்தியார் வாய்ப்பாடு கேட்கும்போது நான் சன்னல் வழியாக எங்கள் தெருப் பக்கம் புகை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். கூரை அப்படியே இருந்தது. தம்பி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். ஆனால் அதன் பிறகு நான் திரும்பிப் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை. இன்றைக்கு இதை எழுத்துக்கூட்டி எழுதுவது அந்த மூன்று வகுப்பை வைத்துத்தான்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், பொம்மிடி ரயிலடியிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. ஊரை விட்டுத் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் சனத்தின் ஏழெட்டு வீடுகள். எல்லா வீட்டிலும் பன்றி உண்டு. காலையில் திறந்துவிட்டால் ஏரிச் சேற்றில் கோரைக் கிழங்கு தோண்டித் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் தானாக வந்துவிடும். வீட்டில் கேழ்வரகுத் தவிடும் கழுநீரும் வைப்போம். மாமனார் மாமியார் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் அவரும்தான்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். தங்கவயல் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர், ஆறு வருஷம் கழித்து இருமலோடு திரும்பி வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் மழைக்காலம் முழுக்க அந்த இருமலைக் கேட்டேன். நெஞ்சுக்குள் யாரோ சல்லிக் கல்லை வாரிக் கொட்டுவது போலிருக்கும். மார்கழியில் ஒரு காலை அது நின்றது. ஏரிக்கரையிலேயே குழி வெட்டினோம். அதற்குப் பிறகு யார் வாயில் தங்கவயல் என்ற சொல் வந்தாலும் எனக்கு அந்த இருமல்தான் கேட்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சித்திரையில் எங்கள் பன்றிகளுக்கு நோவு வந்தது. நோவு கண்ட பன்றி முதலில் தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். பிறகு அந்தக் கொளுத்தும் வெயிலிலும் குளிரில் நடுங்குவது போல ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும். கண்ணில் பீளை கட்டும். நடந்தால் பின்னங்கால் இரண்டும் கள் குடித்தவன் கால் போலப் பின்னும். காதிலும் அடிவயிற்றிலும் நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த நிறம் வந்துவிட்டால், அப்புறம் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.

எங்களிடம் இருந்தவை பதினொன்று. பத்து போயிற்று. மிஞ்சியது ஓர் இளம் பொட்டை. பதினெட்டு நாள் கிடந்தது. தண்ணீரைக் கூட நான்தான் துணியில் நனைத்துப் பிழிந்தேன். பத்தொன்பதாம் நாள் எழுந்து, என் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. இரண்டு காதின் நுனியும் கறுத்துக் காய்ந்து, வடகம் போல உதிர்ந்து விழுந்தன. அதிலிருந்து தெருவே அதை மூளி என்றுதான் கூப்பிட்டது.

“எமனை மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்திருக்குது,” என்றார் அவர். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இது ஒரு ஈத்து போடட்டும் புள்ள. பொறக்கறதுல பாதி நின்னாக்கூட நானும் இங்கியே நின்னுடறேன். இல்லன்னா பங்காருப்பேட்டைக்கு ரயிலேற வேண்டியதுதான்.”

பங்காருப்பேட்டையில் இறங்கினால் அடுத்தது தங்கவயல்.

“உங்கண்ணன் இருமுனது மறந்துடுச்சிங்களா?”

“மறக்கல. வயிறு காயறப்ப இருமல் காதுல உழறதில்ல.”

அன்றைக்கு என் நெஞ்சில் ஏறியது அந்தப் ‘பாதி’. மூளி எத்தனை ஈனும், பாதி என்றால் எத்தனை, அது நிற்குமா என்று தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்பு. புரட்டாசியில் பக்கத்து ஊர்க் கடாப் பன்றியோடு சேர்த்தோம். பன்றிக்குச் சினை மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பார்கள். நான் அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அடியே, சினை பன்னிக்கா உனக்கா? நீ அடிவயித்தப் புடிச்சிக்கிட்டு நடக்கறத பாத்தா எனக்கே சந்தேகமாக் கெடக்குது.”

தை மாதம், உச்சி வெயிலில் மூளி ஈன்றது. அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. பொம்மிடியில் புளி மூட்டை ஏற்ற ஆள் வேண்டுமென்று கூப்பிட்டு, இரண்டு நாள் வேலைக்குப் போயிருந்தார். ஒன்பது குட்டி. ஐந்து குட்டி முழங்கை பருமனுக்குக் கொழுகொழுவென்று. நான்கு வெறும் எலி மாதிரி, நிற்கவே கால் வராமல்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சனத்தில் அம்மை கண்ட பெண்ணுக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, இடைவெளி விட்டு மூன்று தரம் தலைக்கு ஊற்றுவார்கள். அதற்கு முன் அவள் யாருக்கும் சோறு பரிமாறக் கூடாது, பிள்ளைக்கு மார் கொடுக்கக் கூடாது. மூன்றாம் தண்ணீரில்தான் அம்மை முழுசாக இறங்குவதாக நம்பிக்கை. பிள்ளை பெற்றவளின் சீம்பாலையும் பீச்சி வேப்பமரத்தடியில் கொட்டிவிடுவார்கள். மஞ்சளாக, கெட்டியாக வருகிறதே, அது உடம்புச் சூடு, பிள்ளைக்கு ஆகாது என்று.

மூளிக்கு நோவு இறங்கிய பிறகு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பன்றிக்கு யார் ஊற்றுவார்கள்? காம்பில் முதல் பால் மஞ்சளாக முட்டி நிற்பதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். பத்துப் பன்றியைக் கொன்ற நோவு இன்னும் இதன் இரத்தத்தில்தானே இருக்கும், அதுதானே பாலாக இறங்கும் என்று தோன்றியது. அந்தக் கொழுத்த ஐந்தும் அவரை ஊரோடு கட்டிப்போடப் போகிற ஐந்து. ஒன்பதில் ஐந்து என்றால் பாதிக்கு மேலே. அதற்கு நானே நஞ்சைக் குடிக்கவிடுவதா?

ஐந்தையும் கூடையில் வாரிப்போட்டு வீட்டுக்குள் கொண்டு போனேன். நான்கு நோஞ்சானையும் தாயிடமே விட்டேன். எப்படியும் சாகப் போகிறவை, மடி கட்டிக்கொள்ளாமல் அவையாவது குடித்துத் தீர்க்கட்டும் என்று. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது அதுதான். பக்கத்து வீட்டில் ஆட்டுப் பால் கேட்டு வாங்கி, வெதுவெதுப்பாக்கி, துணித்திரியில் நனைத்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். பிறகு மண்பானையில் வேப்பிலைத் தண்ணீர் கலக்கி எடுத்துப்போய் மூளியின் தலையில் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏண்டி, பன்னிக்கு மஞ்சத் தண்ணியா? அப்படியே பூ வெச்சிப் பொட்டும் வெச்சி உடு.”

“நோவு கண்டது அக்கா. தண்ணி ஊத்தலியே.”

“ஊத்து ஊத்து. அது நேரா சேத்துல போயி உழுந்து பொரளப் போவுது.”

சொன்னபடியே அது போய்ச் சேற்றில் விழுந்தது. நான் விடவில்லை. முதல் தண்ணீர் அன்று மத்தியானம், இரண்டாவது மறுநாள் காலை, மூன்றாவது அதே நாள் பொழுது சாயும் நேரம். மூன்றாவதை ஊற்றிவிட்டுத்தான் ஐந்து குட்டியையும் கொண்டுபோய் மடியில் சேர்த்தேன். தாய் முகர்ந்து பார்த்தது, உறுமியது, அப்புறம் படுத்துக் கொடுத்தது. அதற்கடுத்த நாள் அவர் வந்து பார்க்கும்போது ஒன்பதும் வரிசையாகக் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“ஒம்போதா!” என்று தலைத்துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். “இதுல பாதி எவ்வளவு புள்ள?”

“நாலரைங்க.”

“அரைக் குட்டிக்கு எங்க போறது? அஞ்சுன்னு வெச்சிக்க.”

நான் கூடையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நல்லதுதானே செய்தேன் என்று இருந்தேன்.

மாசி பாதியில், பக்கத்து வீட்டுக்காரன் காரிமங்கலம் சந்தையிலிருந்து ஒரு கடாப் பன்றியை ஓட்டி வந்தான். வந்த நாலாம் நாள் அது தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்தேன். கையிலிருந்த முறத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து நெல்லுப் பதர் கொட்டுகிற குழியில் அந்த முறம் கிடந்தது.

அவர்கள் பட்டி காலியாகும்போதே எங்கள் குட்டிகளும் தீனியை விட்டன. முதலில் விட்டது கொழுத்த ஐந்தில் பெரியது. ஏழெட்டு நாளில் ஐந்தும் போயிற்று. ஒவ்வொன்றையும் அவரே தூக்கிப்போய்ப் புதைத்தார். நான்கு நோஞ்சான்களோ, செத்துக்கொண்டிருந்த அந்தக் கும்பலின் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு ஓடின. அதில் வலது கண்ணுக்கு மேல் வெள்ளை விழுந்த ஒரு பொட்டைக் குட்டி மட்டும் ஒன்றரை நாள் சோர்ந்து படுத்தது. காதைத் தொட்டால் கொதித்தது. முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அது தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றது. மூளிக்கு ஒன்றுமே இல்லை. செத்த குட்டிகளை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டது.

ஐந்தாவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவர் கை கால் கழுவினார். பழைய வேட்டியில் ஒரு மாற்று வேட்டி, போர்வை, அண்ணன் கொண்டு வந்த தகரக் குவளை மூன்றையும் வைத்து மூட்டை கட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

“நாலு இருக்குதுங்களே,” என்றேன்.

“நோஞ்சானுங்க. கொழுத்ததே நிக்கல, இதுங்க நிக்குமா? இன்னிக்கில்லன்னா நாளன்னிக்கி. வெள்ளிக்கெழம கெளம்பறேன்.”

வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது. மறுநாள் ஊர் மந்தையில் மாட்டுக்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கமெல்லாம் மாட்டுக்கு வெக்கை நோய் பரவிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் களிப் பானையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். புளியமரத்தடியில் குடியானவர்கள் மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒதுங்கி நின்று எல்லா மாட்டுக்கும் போட்டு முடியும்வரை காத்திருந்தேன். கம்பவுண்டர் ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, மாடு எங்க?”

“மாடு இல்லீங்க. பன்னிங்க.”

கடைசியாக மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு குடியானவர் சிரித்தார். “பன்னிக்கும் ஒண்ணு குத்தி உடுங்க சாமி. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“பன்னிக்கு சர்க்கார் மருந்து அனுப்பலம்மா,” என்றார் கம்பவுண்டர். ஆனால் போ என்று சொல்லவில்லை.

“மருந்து வாங்க வரலீங்க. ஒரு சந்தேகங்க. ஒரே வயித்துல பொறந்தது ஒம்போதுங்க. ஒரே பட்டி, ஒரே தொட்டி. அஞ்சு செத்துடுச்சி, நாலுக்கு ஒண்ணுமில்ல. அதுவும் நோஞ்ச நாலுங்க. ஏனுங்க அப்படி?”

“தாய்?”

“தாய்க்குப் போன சித்திரையிலயே நோவு வந்து பொழைச்சிடுச்சிங்க.”

அவர் ஊசிப் பாத்திரத்தை மூடிவிட்டுத் திரும்பினார். “இப்ப மாட்டுக்குப் போட்டேனே, சீரம், அது என்னன்னு தெரியுமா? வெக்கை வந்து பொழைச்ச எருதோட ரத்தத்துலேர்ந்து எடுக்கறது. நோவோட சண்ட போட்டு ஜெயிச்ச ரத்தம், அந்த நோவுக்குன்னே ஒரு காவல் கட்டி வெச்சிக்கும். அதே நோவு திரும்பி வந்தா அந்தக் காவல் வாசல்லியே புடிச்சிக்கும். அதத்தான் எடுத்து வேற மாட்டுக்குக் குடுக்கறோம்.”

“பன்னிக்கும் அப்படித்தானுங்களா?”

“பன்னிக்கும் ரத்தந்தானே ஓடுது?” என்றவர் கொஞ்சம் யோசித்தார். “ஆனா வயித்துல இருக்கறப்ப அந்தக் காவல் குட்டிக்குப் போவாது. கன்னுக்குட்டிக்கு அப்படித்தான், பன்னிக்கும் அப்படியாத்தான் இருக்கணும். பொறந்து மொத மொத குடிக்கிற சீம்பால்லதான் போவும். குட்டியோட குடல்ல ஒரு கதவு தெறந்து கெடக்குதுன்னு வெச்சிக்கோயேன். ஒரு நாளுக்குள்ள சாத்திக்கும். அப்பறம் எவ்வளவு பால் குடிச்சாலும் அது வயிறு ரொப்பற பால்தான், காவல் உள்ள போவாது. உங்க பன்னி பொழைச்ச பன்னின்னா ஒம்போதும்ல நிக்கணும்? செத்த அஞ்சும் பொறந்த அன்னிக்குத் தாய்கிட்டக் குடிச்சிதா?”

குடியானவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தண்ணீர் ஊற்றி, ஒன்றேகால் நாள், நான் கதவை வெளியிலிருந்து பிடித்துச் சாத்தியிருக்கிறேன்.

“குடிக்கலீங்க,” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

“மிச்ச நாலும் இனிமேப்பட்டு சாவாதுங்களா?”

“அதுங்ககிட்ட இருக்கறது ஆத்தா குடுத்த போர்வைம்மா. ரெண்டு மூணு மாசத்துல நைஞ்சி போயிடும். போர்வைக்குள்ள இருக்கறப்பவே நோவு வந்து தொட்டிருந்தா, அதுங்க ரத்தமே சொந்தமா ஒரு காவலக் கட்டிக்கும். அது ரொம்ப நாளைக்கு நிக்கும். தொடவே இல்லன்னா, போர்வை போனதும் வெறும் ஒடம்புதான்.”

“தொட்டிருக்குமுங்களா?”

“ஏம்மா, நானென்ன அதுங்க வயித்துக்குள்ளியா உக்காந்திருந்தேன்?”

வீட்டுக்கு வந்தபோது களி பானையோடு கருகிக் கிடந்தது. அவர் வாசலில் நின்று, “எங்கடி போன?” என்றார். சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பேன், மூட்டையைப் பார்ப்பேன், வேறு எதையோ சொல்லிவிடுவேன். உப்பு தீர்ந்துவிட்டது என்பேன். கூரையில் ஓலை மாற்ற வேண்டும் என்பேன். இதிலிருந்த முடிச்சு இப்படி. அந்த நான்கும் நிற்கும் என்று அவர் நம்ப வேண்டுமானால், ஐந்து ஏன் செத்தது என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவர் என் முகத்தில் முழிப்பாரா? சொல்லாவிட்டால் ரயிலேறிவிடுவார். இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தே மூன்று நாள் போனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே நடந்தேன். ஏரிக்கரை தாண்டியும் நடந்தேன். மண்ரோட்டில் ஓடையைத் தாண்டும் மோரிப் பாலம் வந்தது.

“நீ எதுக்குடி பொம்மிடி வரைக்கும்? திரும்பு.”

“ஒண்ணு சொல்லணுங்க.”

“அத வூட்லியே சொல்றது.”

“அஞ்சையும் நான்தான் கொன்னேங்க.”

சொல்லிவிட்டேன். கூடை, ஆட்டுப் பால், மூன்று தண்ணீர், சீம்பால், கம்பவுண்டர் சொன்ன கதவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முன்பின்னாக உளறினேன். அவர் மூட்டையை இறக்கி மோரிக் கட்டையில் வைத்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பன்னிக்கு மஞ்சத் தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேங்க.”

“மூணு தரமா?”

“மூணு தரங்க.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓடைக்குள் எறிந்தார். பின்னும் ஒன்று. “குழி வெட்டுனது நானு. அஞ்சு குழி. ஒவ்வொண்ணுத்துக்கும் பக்கத்துல நின்னியே, அப்பக்கூட வாயத் தொறக்கல.”

“அப்ப எனக்கே தெரியாதுங்க.”

அது உண்மை. ஆனாலும் அது எனக்கே பொய் போலக் கேட்டது.

தூரத்தில் பொம்மிடிப் பக்கம் ரயில் ஊதியது. அதைப் பிடிக்க இனிமேல் முடியாது, அடுத்த வண்டி இருக்கிறது. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று.

“அப்ப அந்த நாலும் சாவாது. அதானே சொல்ல வர?”

“தெரியலீங்க. போர்வை ரெண்டு மூணு மாசந்தான்னு…”

“ஏண்டி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். மழ வருமான்னா தெரியல. சோறு வெந்துச்சான்னா தெரியல. ஒண்ணே ஒண்ண உறுதியா சொல்லு. சாவுமா, சாவாதா?”

வெள்ளைப் பொட்டுக் குட்டியின் காது என் கையில் கொதித்தது நினைவுக்கு வந்தது. ஒன்றரை நாள் கொதித்தது. நோவு அதைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. ஒன்றைத் தொட்டிருந்தால் மற்ற மூன்றையும் தொடாமலா இருந்திருக்கும்?

“சாவாதுங்க,” என்றேன். என் வாழ்நாளில் நான் அப்படி ஒன்றை அடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்தார். “ஆடி வரைக்கும் பாக்கறேன்.” மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே அதே ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகு எனக்கு எண்ண இரண்டு இடம். பட்டியில் நான்கு குட்டி, கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை. காலையில் கண் விழித்ததும் முதலில் மூட்டையைப் பார்ப்பேன். முடிச்சு அதே முடிச்சா என்று. தகரக் குவளையின் விளிம்பு துணியில் புடைத்துக்கொண்டு தெரியும். அவர் மாற்று வேட்டி இல்லாமல் ஒரே வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டினார், மூட்டையில் கை வைக்கவில்லை.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆனபோது போர்வை நைந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். இப்போது வெறும் உடம்பா, சொந்தக் காவலா என்று யாரைக் கேட்பது? காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். நான் போனாலே அவை காதை ஆட்டிக்கொண்டு ஓடத் தொடங்கின. “உன் கைக்குப் பயந்தே அதுங்களுக்குச் சொரம் வந்துடும்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வைகாசியில் மூன்றாம் தடவையாக நோவு வந்தது. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வெளியூர்ச் சீராகக் கொண்டு வந்த இரண்டு குட்டியோடு வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் செத்ததை ஏரிக்கரைப் பள்ளத்தில் சரியாக மூடாமல் போட்டுவிட்டார்கள். ஒரு காலை நான் தேடிக்கொண்டு போகும்போது, எங்கள் நான்கும் அந்தப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தன. வெள்ளைப் பொட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதன் மூக்கெல்லாம் மண்.

நான் கத்தியதில் அவர் ஓடி வந்தார். பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொள்ளப் போன கையைப் பிடித்துக்கொண்டார். “உடு. நீ சொன்னது நெசமா பொய்யான்னு இப்பத் தெரிஞ்சிடும்.”

அந்தப் பன்னிரண்டு நாளை நான் விவரித்து எழுதப் போவதில்லை. தெருவில் வேறு எந்தப் பட்டியிலும் பன்றி மிஞ்சவில்லை. எங்கள் நான்கும், மூளியும், பன்னிரண்டு நாளும் தொட்டியை நக்கி வெள்ளையாக்கின. பதின்மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “அந்த மஞ்சத் தண்ணி எப்பிடிடி கலக்குன?” என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அது மஞ்சள் தண்ணீரால் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. முழுசாகப் புரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஆடி வந்தது, போனது. அவர் தங்கவயல் என்று வாயெடுக்கவில்லை. மூட்டையையும் இறக்கவில்லை. கேட்கலாமா, கேட்டால் நினைவூட்டியதாகிவிடுமா என்று நான் அதைத் தொடாமலேயே பெருக்கினேன். ஆணிக்குக் கீழே மட்டும் வட்டமாகத் தூசி.

பல வருஷம் கழித்துத்தான் அந்தக் காவலுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர் இருப்பதை ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தேன். எனக்கு முதல் பெண் பிறந்தபோது எந்தப் புத்தகமும் இல்லை. சீம்பாலைப் பீச்சிக் கொட்டு என்று மருத்துவச்சி கையை ஓங்கினாள். பன்றி வளர்க்கிறவள் பிள்ளையையும் பன்றிக்குட்டி என்று நினைத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். சொல்லட்டும் என்று பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டேன். பயம் இல்லாமல் இல்லை. பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

வெள்ளைப் பொட்டு அந்த ஆடிக்கு அடுத்த தையில் ஈன்றது. அவரும் இருந்தார், நானும் இருந்தேன். பொழுது விடிந்து பனி இன்னும் விலகாத நேரம். குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, தாமாகவே தட்டித் தடுமாறி மடிக்குப் போயின. கடைசிக் குட்டி ஈரத்தோடு அசையாமல் கிடந்தது. நான் சாக்கைத் தேடினேன். சாக்கு நனைந்திருந்தது. என் தலைப்பும் நனைந்திருந்தது. அவர் வீட்டுக்குள் ஓடினார். தகரம் தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்த மாற்று வேட்டி. பத்து மாதம் மடிப்புக் கலையாமல் கிடந்த வேட்டி. அதை உதறி, குட்டியைச் சுற்றி, பரபரவென்று தேய்த்தார். அது தும்மியது.

“புடி, புடி, காம்புல வெய்யி,” என்று என்னிடம் நீட்டினார். “கதவு சாத்திக்கப் போவுது.”

வாங்கிக்கொண்டு மடியைப் பார்த்தேன். பத்துக் குட்டி. பால் வருகிற காம்பு ஒன்பதுதான். இரண்டு தரம் எண்ணினேன்.

“ஏங்க,” என்றேன்.

“சொல்லு, அடுத்தது என்னா?” என்று வேட்டியால் கையைத் துடைத்துக்கொண்டார். பெரிய குட்டி ஒன்றை மெல்ல விலக்கிப் பிடித்து எனக்கு இடம் விட்டார்.